திரைக்குக் கீழே ஒரு சாண்

1

இந்தக் கதை ஒரு ஜோடி செருப்பிலிருந்து வந்தது. என்னைச் சட்டென்று நம்பிவிடாதீர்கள். நான் நீதிமன்றத் தட்டச்சர். ஜட்ஜ் ஐயா சொல்லாத ஒரு வரியைக்கூட இத்தனை வருஷத்தில் தாளில் ஏற்றியதில்லை. சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

2

"ஒன்பது வயதுச் சிறுமி சாட்சிக் கூண்டில் ஏறி..."

வேண்டாம். கூண்டெல்லாம் சினிமாவில். இங்கே பிளாஸ்டிக் நாற்காலி, அவளுக்குக் கால் தரைக்கு எட்டவில்லை.

மறுபடி. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளை சாட்சி சொல்லும்போது, குற்றம் சாட்டப்பட்டவன் அதன் கண்ணில் படக்கூடாது என்கிறது சட்டம். அதற்காக எங்களிடம் சக்கரம் வைத்த பச்சைத் திரை இருக்கிறது. அந்தப் பக்கம் டியூஷன் மாஸ்டர். இந்தப் பக்கம் பிள்ளை.

அன்று காலை அவள் அம்மா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அவன் தெரிய மாட்டான்ல?"

"தெரியவே மாட்டான்மா. தைரியமா அனுப்புங்க."

3

"என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா," என்றார் அரசு வக்கீல் அம்மா.

பிள்ளை வாயைத் திறந்தாள். குனிந்தாள். மூடிக்கொண்டாள்.

அவள் பார்த்த இடத்தை, தாழ்ந்த மேசையில் இருந்த நானும் பார்த்தேன். திரை தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்றது. அடியில் பழுப்புச் செருப்பு, அறுந்த வாரில் ஊக்கு. ஒரு கால் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயா, திரை போதலையோன்னு தோணுது," என்றார் வக்கீல் அம்மா.

"முகம் தெரியலையே. சட்டத்துக்கு அது போதும்." ஐயா என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. திரை முறைப்படி இருந்தது. சாட்சி பதிலளிக்கவில்லை."

எழுதினேன். மாஸ்டர் விடுதலை.

4

திரை மேலே ஏறி நின்றதற்கு யாரைச் சந்தேகப்படுவது? எதிர்த்தரப்பு வக்கீலை வில்லனாக்கிவிடலாம், ஆள் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறார். கோர்ட்டுச் சேவகன் டவாலி காசு வாங்கிக்கொண்டு திரையைத் தூக்கிக் கட்டினான் என்று அரைப் பக்கம் எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன், பாவம் அவன்.

[அடிக்குறிப்பு, சின்ன எழுத்தில்: பிள்ளைகள் உட்காரும் இடம், அழுக்காக இருக்கிறதே என்று போன மாதம் திரையைச் சலவைக்குப் போட்டது நான். வெந்நீரில் சுருங்கி வந்தது. மாட்டியதும் நான். அளந்து பார்க்கவில்லை.]

5

முடிவு அ: தட்டச்சர் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், வேலை போகிறது. முடிவு ஆ: ஓய்வூதியம் வருகிறது. என்னை எனக்குத் தெரியும், ஆ பக்கம்தான் சாய்வேன்.

ஆனால் அந்த அம்மா இப்போது என் ஜன்னலில் நிற்கிறாள். மேல்கோர்ட்டுக்குப் போக நகல் வாங்க வந்திருக்கிறாள். மேல்கோர்ட்டு தாளைத்தான் படிக்கும். தாளில் செருப்பு இல்லை.

"வீட்ல அவ்ளோ தெளிவா சொன்னா சார். இங்க ஏன் வாயே தொறக்கல? நேத்து நானே கேட்டுட்டேன், பொய்யாடி சொன்னேன்னு. அதுலேர்ந்து என்கிட்டயும் பேச மாட்டேங்கறா."

நான் வாயைத் திறந்தேன். குனிந்தேன்.

அவள் காத்திருக்கிறாள். செருப்பைப் பார்த்தவர்களில் இப்போது நீங்களும் ஒருவர். அடுத்த வரியைச் சொல்லுங்கள். சொன்னதைச் சொன்னபடி தட்டுகிறேன், அதுதானே என் வேலை.