இடது பக்கத்துக் குரல்

தன் பக்கம்தான் நியாயம் என்று நிறுவுவதற்காகவே செபஸ்தியன் மாஸ்டர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்திருந்தார், நல்ல ஹெட்போன் ஒன்று வாங்க.

இருபத்திரண்டு வருடமாகக் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பாட்டு விஷயத்தில் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை திருநாள் பாட்டுப் பயிற்சியில், இடது பக்கம் நின்று தாழ்ந்த குரல் பாடுகிற ஐறீனைப் பார்த்து, "சும்மா வாயை அசைக்கிறதெண்டால் வீட்டில நில்லுங்கோ" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். பதினாறு வருடம் பாடியவள். பாட்டுப் புத்தகத்தை உட்காரும் வாங்கில் வைத்துவிட்டுப் போனவள், பிறகு வரவேயில்லை.

அன்றைய பயிற்சியை இரண்டு பக்கமும் மைக் வைத்துப் பதிந்திருந்தார்கள். அதில் ஐறீன் பாடுவது நன்றாகக் கேட்கிறது என்று மாஸ்டரின் மனைவியே சொன்னாள். அவருக்குப் பொறுக்கவில்லை. ஃபோனில் எல்லாக் குரலும் கூழாகக் கலந்துதான் கேட்கும், தரமான ஹெட்போனில் பிரித்துக் கேட்டால் உண்மை தெரியும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கடைக்கார ரிஸ்கான் முதலில் ஒன்றை நீட்டினான். "பேஸ் சும்மா அடிக்கும் சேர்."

"எனக்கு அடி வேணாம் தம்பி. குரல்தான் வேணும்."

இரண்டாவது, காதை முழுதாக மூடியது. வெளியே காலி வீதி வாகன இரைச்சல் அடங்கியது. ஃபோனிலிருந்த பயிற்சிப் பதிவைப் போட்டார். உயர்ந்த குரல்காரர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. இடது பக்கம் ஒன்றுமேயில்லை. மாஸ்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கழற்றி ரிஸ்கானிடம் கொடுத்தார்.

"பாருங்கோ, இடது பக்கம் ஒருத்தரும் பாடயில்லைத்தானே?"

"இல்லையே சேர். ஒரு ஆன்ட்டி அருமையாப் பாடுறாங்க."

சாமான் பழுது என்றார் மாஸ்டர். ரிஸ்கான் புதுப் பெட்டி உடைத்து மூன்றாவதை எடுத்தான். அதிலும் அப்படியே. ரிஸ்கான் அந்த ஹெட்போனை வலம் இடம் மாற்றி அவர் தலையில் மாட்டினான்.

வலது காதில் ஐறீன் பாடினாள். ஓரிடத்திலும் பிசகாமல், நிறைந்த குரலில். உயர்ந்த குரல்கள் இப்போது காணாமல் போயிருந்தன.

"காது டொக்டர்ட்ட ஒருக்கா காட்டுங்க சேர்" என்றான் ரிஸ்கான், மெதுவாக.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் காது போனது தெரியாமல் அவள் வாயைப் பழித்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பயமும் வந்தது. ஒற்றைக் காதுக்காரனைக் குழுவுக்கு முன்னால் யார் நிற்க விடுவார்கள்? விஷயத்தை அமுக்கிவிட்டு, பயிற்சிக்கு வாங்கோ என்று மட்டும் கூப்பிடலாம். அப்படித்தான் நினைத்து ஃபோனை எடுத்தார். அவள் குரலைக் கேட்டதும் மனம் கேட்கவில்லை.

"ஐறீன், நீங்க பாடினனீங்க. எனக்குத்தான் இடது காது கேக்குதில்லை."

"என்னை எல்லாருக்கும் முன்னால ஏசினீங்க மாஸ்டர். இதை எனக்கு மட்டும் சொல்றீங்களோ?"

ஃபோனை வைத்துவிட்டாள்.

"இதையே பில் போடவா சேர்?" என்று கேட்டான் ரிஸ்கான்.

"போடுங்கோ தம்பி. அதில ஒரு பிழையுமில்லை."

மாஸ்டர் பாடகர் குழுவின் வட்ஸ்அப்பைத் திறந்தார். முப்பத்தொரு பேர். குரல் பதிகிற இடத்தில் விரலை அழுத்தினார்.

"பிள்ளையள், மாஸ்டர் கதைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை ஐறீன் பாடினவ. கேக்காமல் நிண்டது நான்தான்."