மூடியின் உட்புறம்

முட்டையைப் புதருக்குள் ஒளித்து வைத்துவிட்டு, வேலிமேல் ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி கொக்கரித்ததாம் ஒரு கோழி. அந்தக் கோழி தாம்தானோ என்ற ஐயம் ரேடியோக்காரருக்கு வக்கீலம்மாவின் அறையில்தான் எழுந்தது.

அவர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். இரண்டு ஆண்டுகள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உழைத்து, உள்ளங்கை அளவு டப்பா ஒன்றைச் செய்திருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அதை மாட்டி, அதன் கொக்கியில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட வேண்டும். பாட்டிலின் எடை குறைந்து, மருந்து தீரும் தறுவாயில் மணி அடிக்கும். அதற்குக் காப்புரிமை கேட்கும் விண்ணப்பம் அன்று மாலை நான்கு மணிக்குப் போவதாக இருந்தது.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன்," என்றார் வக்கீலம்மா. "இது எப்படி வேலை செய்யுதுன்னு வெளியாள் யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சிருந்தா, புதுசுன்னு சொல்ல வழியில்ல."

"யாருக்கும் தெரியாதுங்க."

"கூடச் சேர்ந்து கண்டுபிடிச்சவங்க யாராவது?"

"நான் ஒருத்தன்தாங்க."

சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொரு டப்பா நினைவுக்கு வந்தது. இரண்டு டப்பாக்கள் செய்திருந்தார். ஒன்றை, வார்டில் நர்ஸாக இருக்கும் அக்காவிடம், தண்ணீர் பாட்டிலை மாட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். டப்பா மூடியபடி இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் எதைப் பழுதுபார்த்தாலும், அடுத்துத் திறப்பவருக்கு உதவட்டுமென்று, மூடியின் உட்புறத்தில் தேதியையும் உள்ளிருக்கும் இணைப்பையும் வரைந்துவைப்பது அவருடைய இருபது வருடப் பழக்கம். கை தன் போக்கில் அங்கேயும் வரைந்துவிட்டிருந்தது.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தார்.

"அந்த டப்பாவா? பாட்டில் கொஞ்சம் ஆடினாலே கத்துதுடா! தூக்கித் திருப்புளிகிட்ட கொடுத்துட்டேன்."

"எந்தத் திருப்புளி?"

"கருவி ரிப்பேர் பார்க்கிறவர். எது கிடைச்சாலும் கழட்டிப் பார்ப்பார், அதனால அந்தப் பேரு. ஏன்டா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நேர்ல வந்து சொல்றேன்," என்று போனை வைத்தார். அவர் பேருந்தைப் பிடித்தார். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றபோது, கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடுவதாகத் தோன்றியது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் சன்னலில்லாத அறை. மேசைமேல் டப்பா மூடியோடு இருந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விடுவதற்குள், நரைத்த மீசைக்காரர் ஒருவர் நிமிர்ந்தார்.

"நீங்கதான் நர்ஸம்மா தம்பியா? வாங்க, வாங்க. நீங்க வர்றதா அவங்க சொன்னதும் எடுத்து வெளியே வெச்சேன். மூடியில படம் போட்டு வெச்சீங்களே, புண்ணியவான்! எனக்கு அரை நாள் மிச்சம்."

ரேடியோக்காரர் டப்பாவைக் கையில் எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். தம் எழுத்துக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன: ஆட்டத்துக்கு மணி அடிக்கிறது. மூன்று நொடி பொறுத்து அடிக்கும்படி ஒரு கெப்பாசிட்டர் சேர்த்துள்ளேன்.

"ஆட்டிப் பாருங்க," என்றார் திருப்புளி.

பாட்டிலை மாட்டி ஆட்டினார். மணி அடிக்கவில்லை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். அடிவரை வந்ததும், மூன்று நொடி கழித்துக் கணீரென்று அடித்தது. இரண்டாண்டு உழைப்பில் தமக்குப் பிடிபடாமல் போனது, காலணா அளவுப் பொருளொன்றில் அடங்கியிருந்தது.

மேசையில் ஸ்பிரிட் புட்டியும் பஞ்சும் இருந்தன. திருப்புளி டீ சொல்ல வாசலுக்குப் போயிருந்தார். ஒரு தேய்ப்பு போதும். அந்த இரண்டு வரிகளும் இருந்த சுவடு தெரியாது. பஞ்சு நனைந்தது. கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டால் கண்டுபிடிப்பு முழுக்க அவருடையது. ஆனால் எந்த நர்ஸும் அது கத்துவதை ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கமாட்டாள். கழற்றாமல் அந்த வரிகளை மட்டும் அழித்தால்? கை மூடிவரை போய் நின்றது. அடுத்துத் திறப்பவருக்கென்று எழுதிய அவரே, அடுத்துத் திறந்தவர் எழுதியதை அழிப்பதா? பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

டீயோடு வந்தவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணே, இதை வேற யாருக்காவது காட்டினீங்களா?"

திருப்புளி கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காட்டுறதாவது! இனிமே எதையாவது கழட்டினா சீட்டைக் கிழிச்சுடுவேன்னு ஸ்டோர் மேனேஜர் சொல்லியிருக்காரு. ஆள் வந்தா டிராயர்ல போட்டுப் பூட்டிடுவேன். நர்ஸம்மாவுக்கே நான் திறந்தது தெரியாது."

ரேடியோக்காரர் உடனே வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, காலையில் சொன்னது தவறு என்று நடந்ததை விவரித்தார். மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. தேநீரில் ஆடை படிந்தது.

"அப்போ அவர் வெளியாள் இல்லை, கூட்டாளி," என்றார் வக்கீலம்மா கடைசியில். "ரெண்டு பேரா எழுதணும். மூணரைக்குள்ள அவரோட வாங்க. வர்றதுக்கு முன்னாடி அவர் முழுப்பேரை அனுப்புங்க."

ரேடியோக்காரர் போனைக் கையால் பொத்தினார். "அண்ணே, உங்க பேரு?"

"திருப்புளி."

"அது விண்ணப்பத்துல ஏறாதுண்ணே."

அந்த மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தார். பத்து வருடங்களாக யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து, மூடியின் உட்புறத்தில், தம் இரண்டு வரிகளுக்குக் கீழே, எழுத்தெழுத்தாகத் தம் பெயரை எழுதத் தொடங்கினார். மணி இரண்டு நாற்பது.