இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, காலி நாற்காலியின் மேல் கிடந்த மூன்று கோட்டுகளையும் ஒரு குடையையும் நானே தூக்கி ஜன்னலோரம் போட்டேன். உறுப்பினர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும். மேயருக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஐந்து, செயலாளர் எனக்கு ஒன்று போக, நகர மன்றத்தில் இன்னொரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தன் தெருவைப் பற்றித் தீர்மானம் வரும்போது ஊர்க்காரர் யாரானாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு அதில் வந்து உட்காரலாம். பேசலாம், ஓட்டும் போடலாம். பதினோரு வருஷமாகப் பெயர் வாசிக்கிறேன். கடைசியில் "காலி நாற்காலி" என்று கூப்பிட்டுவிட்டு, "யாரும் இல்லை" என்று நானே எழுதிக்கொள்வேன். எங்கள் ஊர் சான்டா ரோமெலியாவில் மன்றத்தைக் காபிக்கடையில் உட்கார்ந்து திட்ட ஆயிரம் பேர் உண்டு. நேரில் வந்து திட்ட ஒரு ஆள் கிடையாது.

அன்றைக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

தீர்மானம் சின்னதுதான். சிலுவைத் தெரு செங்குத்தானது. இனி டவுன் பஸ் அதில் ஏறலாம், இறங்கக் கூடாது. பேக்கரி எர்மெல் ஆதரித்து எழுதியிருந்தார். போன வருஷம் பிரேக் பிடிக்காமல் இறங்கிய பஸ் அவர் கடை ஷட்டரைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. ஐந்து நிமிஷம் முன்னால் அந்த இடத்தில்தான் அவர் மகள் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்த்து எழுதியது அவருடைய சொந்த அக்கா, பக்கத்து வீட்டு தார்ஹேலியா. ஒரே வரி: பஸ் இறங்க வேண்டும். காரணம் இல்லை. அம்மா செத்த பிறகு வீட்டின் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். அடுப்படி யார் பக்கம் என்பதில் ஆரம்பித்த சண்டை, ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

நாற்காலி ஒன்று, ஓட்டும் ஒன்று. எதிரெதிராக இருவர் வந்தால் அவர்களே பேசி ஒரே முடிவோடு வரவேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்குக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகலாம், ஓட்டு கிடையாது. மேயர் ஃபவுஸ்தோ கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினஞ்சு நிமிஷம். வராந்தாவுல போய்ப் பேசிட்டு வாங்க. மேடம், நீங்களும் போங்க, முடிவ எழுதணும்ல."

வராந்தா பெஞ்சின் இந்தக் கோடியில் தம்பி, அந்தக் கோடியில் அக்கா. பத்து நிமிஷம் இருவரும் எதிர்ச்சுவரில் இருந்த பழைய மேயர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

"ரெண்டு பேரும் அந்தச் சுவத்தக் கையோட கொண்டாந்துட்டீங்களா?" என்றேன்.

எர்மெல் தலையைக் குனிந்தபடி பையிலிருந்து ரொட்டி எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்குக் கொடுத்துவிட்டு அக்காவுக்குக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. பை மெதுவாக அந்தப் பக்கமும் போனது. அந்தம்மா எட்டிப் பார்த்தது.

"உப்பு போட்டதா?"

"உப்பில்லாம சுட்டா எவன் வாங்குவான்?"

"அப்ப வேணாம். டாக்டரு உப்பு ஆகாதுன்னுட்டாரு."

"எப்பலேர்ந்து?"

தார்ஹேலியா என்னைப் பார்த்தது. "இவங்க எழுதுவாங்க. எழுதினதக் கீழ பலகையில ஒட்டுவாங்க. ஊரே வந்து உச்சுக் கொட்டும்."

நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.

"ரெண்டு கிட்னியும் போச்சுடா. செவ்வா, வியாழன், சனி குயென்கா பெரியாஸ்பத்திரிக்குப் போயி ரத்தத்த சுத்தம் பண்ணிட்டு வரணும். விடியறதுக்கு முன்னாடி அந்த பஸ்ஸுலதான் ஸ்டாண்டுக்கு எறங்குறேன். அது இல்லன்னா நூத்துப் பன்னெண்டு படி. காலு நிக்க மாட்டேங்குது."

எர்மெலின் கையில் பை அப்படியே நின்றது. "நா மாவு பெசையுறப்ப ஒன் கதவு சாத்துற சத்தம் கேக்கும். செவ்வா, வியாழன், சனி. முதல் பூசைக்குப் போறேன்னுல்ல நெனச்சேன்."

"நா என்னிக்குடா பூசைக்குப் போனேன்?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, அக்கா?"

"யாருகிட்ட? சுவத்துகிட்டயா?"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அந்த 'அக்கா' வந்ததை இரண்டு பேருமே கவனித்த மாதிரி தெரியவில்லை.

"பஸ் எறங்குற சத்தம் கேட்டா இன்னும் எனக்கு ஒடம்பு நடுங்குது," என்றார் எர்மெல்.

"தெரியும். பாப்பா நிக்கிற எடம்தான அது? எழுதிக் குடுக்குறப்ப எனக்கும் கையே வரல."

உள்ளே மணி அடித்தது. முடிவு என்ன என்று கேட்டேன். எர்மெல் எழுந்தார். "வா, நா சொல்லிக்கிறேன்." என்ன சொல்லப் போகிறார் என்று அக்காவும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் 'கலந்து பேசினார்கள்' என்று மட்டும் எழுதினேன்.

தார்ஹேலியா உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கால் குட்டை. பதினோரு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை, கோட்டுகள் புகார் சொல்லாதே! எர்மெல் பாய்ந்து பின்னாலிருந்து சாய்மானத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

பெயர் வாசித்தேன். ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு.

"காலி நாற்காலி."

"எதிர்ப்பு," என்றார் எர்மெல்.

மேயர் காகிதத்தைப் புரட்டினார். "நீங்கதான ஆதரிச்சு எழுதிக் குடுத்தீங்க?"

"அப்ப எனக்குத் தெரியாது, மேயர் ஐயா."

"என்ன தெரியாது?"

எர்மெல் சாய்மானத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அந்தம்மா என்னைப் பார்த்தது.

"பதிவுக்குக் காரணம் தேவையில்ல, ஐயா. ஓட்டு போதும்," என்றேன். எழுதினேன். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். இரண்டையும் இடுக்கி எழுதினேன். மூன்றுக்கு மூன்று. மிச்சம் மேயர், தீர்மானத்தைக் கொண்டு வந்தவரே அவர்தான்.

"மேயர்," என்று வாசித்தேன்.

மேயர் காகிதத்தைக் கீழே வைத்தார். அவர் பார்வை சாய்மானத்தைப் பிடித்திருந்த அந்தக் கைகளில் இருந்தது. நக இடுக்குகளில் மாவு, முட்டிகள் வெளுத்திருந்தன. நாற்காலி ஆடவில்லை.