காலையில் ஏறாத மூடி

மாலையில் டப்பாவின் மேல் சொடக்கென்று உட்கார்ந்த பிளாஸ்டிக் மூடி, மறுநாள் காலையில் ஏற மறுத்தது. சூட்டோடு சோதித்ததால் வந்த வினையும் இல்லை. அவளும் கணவனும் நடத்தும் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த மூடி முழுக்க ஆறிய பிறகுதான் அவள் பொருத்திப் பார்ப்பாள். அப்படியும் இந்த வாரம் முழுக்க இதே கூத்து.

யார் வேலை என்பதில் அவள் கணவனுக்குக் குழப்பமே இல்லை.

"உன் தம்பிதான். நல்ல பிளாஸ்டிக் மணியை வெளியில வித்துட்டுப் பழைய பாலிதீன் பையை அரைச்சுக் கலக்குறான். நமக்குக் காட்ட மட்டும் நல்ல மூடி. நாம கிளம்பினதும் பெட்டியை மாத்திடுறான்."

"அவன் அப்படிச் செய்ய மாட்டான்."

"அப்ப மூடி தானா நடந்து போய் மாறிக்கிதா? சனிக்கிழமைக்குள்ள தெரியலன்னா பட்டறைச் சாவியை வாங்கிடுவேன்."

அவளுக்கும் உறுத்தல் இருந்தது. பட்டறையின் ஒரே மெஷினைத் தம்பிதான் ஓட்டுகிறான். இருட்டும்வரை இழுத்த வேலை இப்போது சீக்கிரமே முடிந்துவிடுகிறது. எப்படி என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறான்.

யாரிடமும் சொல்லாமல், பொருந்திய மூடிகள் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். காலையில் அவையும் ஏறவில்லை. பீரோவுக்குள் எந்தத் தம்பி வந்தான்?

"பெட்டி மாறலன்னா மணி மாறியிருக்கு," என்றான் கணவன், அவள் சொன்னதைக் கேட்டும் விடாமல்.

கோளாறு தொடங்குமுன் செய்த பழைய மூடி ஒன்றையும் இந்த வாரத்துப் புது மூடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் சோதனைக்கூடத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் இரண்டிலும் துணுக்கு வெட்டி, மெதுவாகச் சூடேற்றி உருக்கினாள்.

"பாலிதீன் கலந்திருந்தா நூத்தி முப்பது டிகிரிகிட்டயே ஒரு பங்கு உருகியிருக்கும். இது ரெண்டும் நூத்தி அறுபதுக்கு மேலதான் மொத்தமா உருகுது. கலப்படம் இல்லைங்க."

அவளுக்கு மூச்சு வந்தது.

"ஆனா பழைய மூடி உருகக் கூடுதல் வெப்பம் கேக்குது. அதுல படிகம் அதிகம். அச்சுக்கு ரொம்பக் குளிர்ந்த தண்ணி விடுறீங்களா?"

விஷயம் இதுதான். உருகிய பிளாஸ்டிக்கில் நீள நீளமான இழைகள் குவித்துப் போட்ட துணிபோல் கிடக்கும். ஆறும்போது அவற்றில் ஒரு பகுதி மடிந்து அடுக்காகும். அந்த அடுக்குதான் படிகம். மடித்து அடுக்கிய துணிக்கு இடம் குறைவாகப் போதும், அதனால் பொருள் சுருங்கும். சட்டென்று குளிரவைத்தால் முழுக்க மடிய நேரம் கிடைக்காது. மிச்சத்தை இழைகள் சாவகாசமாக, அறையின் சூட்டிலேயே மடித்து முடிக்கும்.

பட்டறைக்குத் திரும்பியதும் அச்சுக்குப் போகும் தண்ணீர்க் குழாயைத் தொட்டாள். சில்லென்று வியர்த்திருந்தது.

"இது உன் வேலையாடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ஆமாக்கா. சீக்கிரம் இறுகுது, சீக்கிரம் கழட்டலாம். மூடி கொஞ்சம் பெரிசாகி லொடலொடன்னு வந்துச்சு. பிளாஸ்டிக்கை அச்சுக்குள்ள தள்ளுற அழுத்தத்தைக் குறைச்சதும் அளவு சரியாயிடுச்சு. மாமா பாராட்டுவார்னு நெனச்சேன்."

"பாராட்டத்தான் மாப்ளே, சாவியைக் கேக்க இருந்தேன்," என்றான் பக்கத்தில் நின்ற கணவன், தரையைப் பார்த்தபடி.

தம்பி சரிசெய்த அளவு மாலைக்கு மட்டும்தான் சரி. இரவில் மூடி மேலும் சுருங்கியது.

தண்ணீரைப் பழையபடி நாற்பது டிகிரிக்கு ஏற்றினார்கள். அழுத்தத்தையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அச்சைச் சற்றுக் கூடுதல் நேரம் மூடிவைத்தார்கள். மறுநாள் காலையில் மூடி சொடக்கென்று உட்கார்ந்தது. இனி மூடியை ஒரு நாள் கழித்தே அளப்பது என்று முடிவாயிற்று.