ஈரச் சுவருக்கு மூன்று பூச்சு

ஊரார் சுவரையெல்லாம் பளபளப்பாக்கும் பெயிண்டருக்குத் தன் வீட்டுப் படுக்கையறையில் கறுப்புப் புள்ளி என்றால் மானப் பிரச்சினை. பூஞ்சை தலைகாட்டினால் போதும், உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்து இளமஞ்சளை அடித்துவிடுவார். ஒரே வருடத்தில் மூன்று முறை! அவர் மனைவிக்கோ இருமல் ஓய்ந்தபாடில்லை. நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"இப்படியே போனா அட்மிட் பண்ண வேண்டியிருக்கும். வீட்ல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"என் வீட்லயா? இப்பத்தான் புதுசா பெயிண்ட் அடிச்சேன் டாக்டர்!"

பொய் இல்லை, மனுஷர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். கூத்தைக் கேளுங்கள்: புதுப் பெயிண்ட் அடித்த இடம்தான் சுத்தம் என்று மனைவியின் கட்டிலை அந்தச் சுவரோரமே இழுத்துப் போட்டார். தூசி வரக்கூடாதென்று ஜன்னலையும் சாத்தினார்.

அப்போதுதான் குளியலறைக் குழாயைச் சரிசெய்ய அவளுடைய தம்பி வந்தான். பிளம்பர். பெயிண்டருக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். தான் பார்த்துப் பார்த்துப் பூசும் சுவர்களை உடைப்பதற்கென்றே பிறந்தவன் என்பது அவர் கட்சி.

அக்காவைப் பார்க்க அறைக்குள் வந்தவன் சுவரில் உள்ளங்கையை வைத்தான். உப்பியிருந்த ஓரிடத்தை நகத்தால் கீறினான். மஞ்சள் தோலாக உரிந்து வந்தது. உள்ளே கன்னங்கரேல்.

"மாமா, உள்ள குழாய் கசியுது. அடிக்கிறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

"தேய்ச்சேன்."

"நனைக்காமலா? அப்ப அக்கா எங்க இருந்துச்சு?"

"இங்கதான்... கட்டில்ல."

தேய்த்த தூளெல்லாம் யாருடைய நெஞ்சுக்குள் போயிற்று என்று புரிந்தபோது பெயிண்டர் பாய்ந்து கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்தார். இருபது வருஷத் தொழில், இது தெரியவில்லையே! மச்சான் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதற்கே அவனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். அக்காவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்தான், அறைக்கதவை அடைத்தான், ஜன்னலை விரியத் திறந்தான், சுவரை உடைத்துக் குழாயை மாற்றினான்.

பெயிண்டருக்கு அவசரம். பிளீச்சிங் திரவத்தையும் கழிவறை ஆசிட்டையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ரெண்டையும் கலந்து ஊத்தினா ஒரேயடியா செத்துடும்ல?"

"பூஞ்சை சாகுதோ இல்லையோ, நாம போய்ச் சேர்ந்துடுவோம்! விஷப்புகை மாமா அது. கீழ வைங்க."

கண்ணாடி, கையுறை, மூக்கோடு ஒட்டிய நல்ல முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, சுவரில் தண்ணீர் தெளித்து, தூள் பறக்காமல் சோப்புத் தண்ணீரால் இருவரும் தேய்த்தார்கள். ஈரம் ஏறிய மெத்தையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வெளியே எறிந்தார்கள்.

"நல்லா காயட்டும். அதுவரைக்கும் பிரஷ்ஷத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான் மச்சான். வாரக்கணக்கில் பெயிண்டர் வீட்டுச் சுவர் மொட்டையாக நின்றது. பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுவில் டாக்டரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

ஒரு காலை, ஈரத் துண்டைப் புது மெத்தைமேல் போட்டுவிட்டார் பெயிண்டர். பிடித்துக்கொண்டாள் மனைவி. துண்டில் தொடங்கியது கல்யாணத்தன்று அவர் தாமதமாக வந்ததுவரை போயிற்று. முன்பெல்லாம் ரெண்டு வாக்கியத்துக்குள் இருமல் வந்து அவள் கோபத்தையே பறித்துக்கொண்டு போய்விடும். இன்று மூச்சுவிடாமல் திட்டினாள். பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானுக்கு ஃபோன் போட்டு அவள் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

"கேளு மச்சான்! உங்க அக்கா திட்டுறா. நடுவுல ஒரு இருமல் இல்ல. நீ நல்லா இருக்கணும்டா!"

"மாமா," என்றான் மச்சான், "வச்சுடாதீங்க. இன்னும் கொஞ்சம் கேக்குறேன்."