பதினொரு வாய்க்கு ஒரே பதில்

மூச்சை எந்த இடத்தில் விடவேண்டும் என்பதுவரைக்கும் ஸக்கியா சொல்லிக்கொடுத்துவிட்டாள். கற்பிட்டிக் கரையோரத்து மாதர் சங்கக் கட்டடத்தில், மூன்று பின்னேரங்களாக, பதினொரு பெண்களைப் பாயில் இருத்திப் பாடமாக்கினாள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த புதிதில், ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவள் அவள். அதே முறைதான் இப்போதும். அவள் ஒரு வரி சொல்வாள், எல்லோரும் ஒரே மூச்சில் திருப்பிச் சொல்லவேண்டும், ஒருத்தி பிசகினால் எல்லோரும் மறுபடி தலையிலிருந்து தொடங்கவேண்டும்.

"இந்தத் திட்டம் வர முந்தி நாங்க வாயில்லாத ஆக்களா இருந்தோம். இப்ப எங்கட உரிமைய நாங்களே கேக்கிறோம். ஃபாஹிம் சேருக்கு அல்லா பரக்கத் செய்யணும்."

கடைசி வரியில் எல்லோரும் வலது கையை நெஞ்சில் வைக்கவேண்டும். அது ஸக்கியா தன் பங்குக்குச் சேர்த்தது.

பாடமாக்கச் சொன்னவன் ஃபாஹிம்தான். ஜனநாயகமும் மனித உரிமையும் வளர்க்க வெளிநாட்டுக்காரர் நடத்தும் திட்டத்துக்கு இந்தப் பக்கத்துப் பொறுப்பாளன். தேனொழுகப் பேசுவான். "மதிப்பீடு செய்யிறதுக்கு வெள்ளைக்கார மிஸ் வாறா, ராத்தா. ரிப்போர்ட் நல்லா வந்தா இன்னும் மூணு வருஷம் திட்டம் ஓடும். நம்மட பொம்பிளையள் பயத்தில உளறிப்போடாம நீங்கதான் பழக்கிவிடணும்" என்றான். "ஓம் தம்பி, நல்லாப் பழக்கிவிடுறன்" என்றாள் ஸக்கியா. பழம் நழுவிப் பாலில் விழுந்தமாதிரி இருந்தது அவளுக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் இதே கட்டடத்தில், கதவைப் பூட்டிவிட்டு, "இங்க சொல்றது இந்த அறைய விட்டு வெளிய போகாது" என்று சத்தியம் பண்ணித்தான் அவன் பெண்களைப் பேசவைத்தான். ஸக்கியா நம்பினாள். கருவாடு காயவைக்கும் வாடியில் அவளும் மகள் றிப்னாவும் வேலை செய்தார்கள். தேர்தலன்று, வாக்குப் போடப் போனால் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று வாடி முதலாளி சொன்னதை அவள் எழும்பி நின்று சொன்னாள். "மீனுக்குப் போடுற உப்புக்கு இருக்கிற மதிப்பு எங்கட வோட்டுக்கு இல்லையா?" என்றும் கேட்டாள். ஃபாஹிம் கைதட்டினான். நாலாம் நாள் முதலாளி அவளை வாசலில் மறித்து, "உப்பு மதிப்பா உனக்கு?" என்று அதே வார்த்தையைத் திருப்பிக் கேட்டார். முதலாளியின் தங்கை மகளை ஃபாஹிமுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தது அவளுக்கு அப்புறம்தான் தெரியவந்தது. அந்தக் கரையில் ஒரு வாடியும் தாயையும் மகளையும் சேர்க்கவில்லை. றிப்னா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இப்போது கிழமைக்கு ஒருதரம் போனில் முகம் காட்டுகிறாள், அதுவும் கறுத்து வற்றிப்போன முகம்.

ஸக்கியா அழவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்தவனை அவன் கத்தியாலேயே அறுக்கவேண்டும் என்று கறுவிக்கொண்டு, சங்கத் தலைவியாகவே இருந்தாள், அவனுக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக்கொடுத்தாள்.

பாடமாக்கி முடிந்த மறுநாள், வெள்ளைக்காரி காலையிலேயே வந்துவிட்டாள். மெலிந்த, நரைத்த பெண், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பாயிலேயே இருந்தாள். மொழிபெயர்க்கச் சிலாபத்திலிருந்து அமல்ராஜ் என்றொருவர் வந்திருந்தார். ஃபாஹிம் கதிரையில் சாய்ந்து புன்னகைத்தான்.

முதல் பெண் சொன்னாள். வெள்ளைக்காரி தலையாட்டி எழுதினாள். இரண்டாமவள் சொன்னதையும் எழுதினாள். மூன்றாமவள் நெஞ்சில் கை வைத்தபோது எழுதிய கை நின்றது. நாலாமவள் முடித்ததும் அமல்ராஜ் தயங்கி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், அவள் கேள்வியை மாற்றிக் கேட்டாள். கேள்வி மாறினாலும் பதில் மாறவில்லை. ஏழாமவளுக்கு வந்தபோது அமல்ராஜ் மொழிபெயர்ப்பதையே விட்டுவிட்டு, அவள் கொப்பியில் மேலே எழுதியிருந்ததை விரலால் காட்டினார், முந்தினதுதான் என்கிற மாதிரி. ஃபாஹிமின் புன்னகை காய்ந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது. பெண்கள் மட்டும் ஒன்றும் அறியாமல், பிசகில்லாமல் சொல்லிவிட்ட பெருமையோடு ஸக்கியாவைப் பார்த்தார்கள். ஸக்கியாவின் வயிறு குளிர்ந்தது. இரண்டு வருடத்தில் முதல்தடவையாகக் குளிர்ந்தது.

பதினோராமவள் முடித்ததும் வெள்ளைக்காரி பேனையை மூடிப் பைக்குள் போட்டாள்.

அந்த நேரம் நிஸ்ரின் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். புத்தளம் கோர்ட்டுக்கு அலைந்ததால் மூன்று நாளும் பாடமாக்க வராதவள். அவளுடைய மூன்று வயதுப் பிள்ளையைப் புருஷன் தூக்கிக்கொண்டு போய் ஏழு மாதம். பிள்ளையைத் திருப்பிக் கேட்டு வழக்காடுகிறவர் இந்தத் திட்டம் வைத்துக்கொடுத்த லோயர். திட்டம் நின்றால் லோயரும் இல்லை. ஸக்கியாவுக்கு இது தெரியாததல்ல. அந்த மூன்று பின்னேரமும் அதை நினைக்காமல் இருக்கத்தான் அவ்வளவு சத்தமாக ஓதிக்கொடுத்தாள்.

"மிஸ், இந்தத் திட்டம் இல்லாட்டி நான் கடலில விழுந்திருப்பன்" என்று நிஸ்ரின் தொடங்கினாள். "லோயர் சேர் பிள்ளைய எனக்குக் காட்டச் சொல்லிக் கோர்ட்டில ஓடர் எடுத்துத் தந்தவர். நேத்துத்தான் கண்ணால கண்டன். முதல்ல என்னை அடையாளம் தெரியல்ல அவனுக்கு. அடுத்த மாசம் தீர்ப்பு மிஸ்."

வெள்ளைக்காரி கனிவாகப் புன்னகைத்தாள். நன்றாகப் பாடமாக்கிய பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. பேனையை எடுக்கவில்லை. நிஸ்ரின் அழுது அழுது சொன்னாள், அமல்ராஜ் அரைமனதோடு மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரிக்கு இது பன்னிரண்டாவது நடிப்பு, மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் திறம், அவ்வளவுதான்.

"எழுத மாட்டாவா?" என்று நிஸ்ரின் ஸக்கியாவைப் பார்த்தாள். "மாமி, நான் பிழையாச் சொல்லிட்டனா?"

ஸக்கியா எழும்பினாள். பழிவாங்கிய இனிப்பு நாக்கில் இன்னும் இருந்தது. அதைத் துப்பினால்தான் பேச வரும். துப்பினால் தலைவி பொய் படிப்பித்தவளாவாள், ஃபாஹிம் தப்பிவிடவும் கூடும்.

"இவள் சொல்றதுதான் மெய்" என்றாள் அமல்ராஜிடம். "மத்தது முழுக்க நான் படிப்பிச்சது. என்னத்துக்குப் படிப்பிச்சன் எண்டும் சொல்றன். முதல்ல பேனைய எடுக்கச் சொல்லுங்க சேர்."

"ராத்தா, இருங்க ராத்தா" என்று ஃபாஹிம் கதிரையை விட்டு எழும்பினான். அமல்ராஜ் அவனைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்.

வெள்ளைக்காரி பைக்குள் கையை விட்டாள். கண்ணாடிக் கூடு வந்தது, தண்ணீர்ப் போத்தல் வந்தது, மாத்திரைப் பெட்டி வந்தது. ஒவ்வொன்றையும் பாயில் வைத்துவிட்டு, முழங்கைவரைக்கும் கையை விட்டு அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.