வெட்டின விரலுக்கு ஒரு வேலை

1906-ம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸில், பல் டாக்டர் அனத்தோல் டெலரிக்கு மிச்சமிருந்தவை எட்டு விரல்கள். எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கிப் பத்து வருடம். ஐந்து வருடத்துக்கு ஒரு விரல் வீதம் போயிருந்தது.

எல்லாம் ஒரு வழக்கத்தால் வந்த வினை. எக்ஸ்ரே குழாய்க்கு நாளுக்கொரு குணம். மழை பெய்தால் சோம்பும், வெயிலடித்தால் சீறும். நோயாளியின் வாயில் எக்ஸ்ரே பிலிமை வைப்பதற்கு முன் குழாயின் குணத்தை அறிய, டாக்டர் தன் கையைக் குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவே நீட்டுவார். எலும்பு கறுத்து, சதை சாம்பலாகத் தெரிந்தால் சரி. அந்தத் தொழிலில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள். முதலில் நகம் போகும், பிறகு தோல் வேகும், பிறகு சர்ஜன் வருவார்.

இந்த முறை சர்ஜன் கிட்ரி, இரண்டாவதாக இடது மோதிர விரலை எடுத்துவிட்டு வலது கையைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுலயும் தோல் உரியுது. இன்னும் ஒரு மாசம் நீட்டினே, கட்டை விரலும் போயிரும். அப்புறம் பல்லை எதால புடுங்குவே, காலாலயா?"

மறுநாள் நர்ஸ் ஓடீல் இயந்திரத்தை முடுக்காமல் நின்றாள்.

"இனிமே என் கையை வச்சுப் பாருங்க டாக்டர்."

"உன் கை உனக்கு வேணும், போம்மா."

சந்தையிலிருந்து கோழிக்கால் வாங்கி வந்து வைத்துப் பார்த்தார்கள். கோழிக்கு ஏற்றபடி திருத்திய குழாயில் மனிதப் பல் பனிமூட்டமாக விழுந்தது. டாக்டர் களைத்துப்போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு கிட்ரியிடம் போனார்.

"அந்த விரலைக் குடு."

"இருபது வருஷமா வெட்டுறேன். திருப்பிக் கேட்டு வந்த மொத ஆள் நீதான்."

செய்தித்தாளில் சுற்றிய விரலோடு டாக்டர் டிராமில் தன் கிளினிக்குக்குத் திரும்பினார். ஒரு ஜாடியில் ரம் ஊற்றி அதில் போட்டு வைத்தார். இடுக்கியால் திரைமுன் பிடித்தபோது குழாயின் குணம் அச்சாகப் பிடிபட்டது. உடம்போடு இருந்த நாளில் அந்த விரல் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை.

ஒரு வாரம் போனது.

"ஜாடியில ரம் குறையுது டாக்டர்."

"விரல் காயாம இருக்கணும்ல."

"விரலா குடிக்குது?"

டாக்டருக்கு வேறு தொல்லை இருந்தது. பத்து வருடப் பழக்கம். குழாய் பச்சையாக ஒளிர்ந்ததும் வலது கை தானாக எழுந்து திரைக்குப் போய்விடும். இடுக்கி ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒரே காலையில் ஓடீல் நான்கு தடவை அதைத் தட்டிவிட்டாள். ஐந்தாவது தடவை தட்டவில்லை. அவரை மூலையில் இருந்த நாற்காலியில் உட்காரவைத்து, வலது கையைக் கட்டுத்துணியால் நாற்காலிக் கையோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். டாக்டருக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

அடுத்து வந்த நோயாளி மதாம் ஹெபேர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னைத்தான் கட்டிப் போடுவீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க அசைய மாட்டீங்க மதாம். இவரைத்தான் நம்ப முடியல," என்றாள் ஓடீல்.

அவளே விரலை இடுக்கியில் பிடித்துக் குழாயைச் சரிபார்த்து, அதை ஜாடியில் போட்டுவிட்டு, பிலிமை மதாமின் வாயில் வைத்தாள். குழாய் ஒளிர்ந்தது. கட்டுத்துணி இரண்டு தடவை இழுபட்டது, பிறகு தொய்ந்தது. டாக்டர் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார்.

படம் எடுத்து முடிந்தும் ஓடீல் முடிச்சை அவிழ்க்கவில்லை. வெளியே இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.